கடலை ஒட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி?

மாமல்லபுரம் போய் வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த வெண்ணெய் உருண்டைப் பாறை ஏன் உருண்டு விழாமல் நிற்கிறது?" அடுத்த தடவை போகும்போது பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பாருங்கள். அது முழு உருண்டையே இல்லை, ஒரு பக்கம் போன பாறை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் அதே கரையில் அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. அதை டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் பார்ப்பதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு, அதில் இளநீர் மாதிரி தண்ணீர்! இந்த முறை அதைப்பற்றி எழுத வைத்தது ஒரு சகோதரியின் கடிதம். செங்கல்பட்டில் பிறந்து, கடலோர கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். கையில் எட்டு மாதக் குழந்தை. "கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு ருசி. இரண்டு வருஷமாகக் கோடை வந்தால் உப்புக் கரிக்கிறது. சுண்டக் காய்ச்சிக் கொடுத்தால் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? முதலில், கடல் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது, பிறகு ஏன் போகிறது?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், எட்டு வயதில். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தை ஒட்டி என் அத்தை வீடு. கோடை விடுமுறைக்குச் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போவோம். சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணலில் ஊற்றுத் தோண்டியிருப்பார்கள். பெண்கள் குந்தி உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். நான் அவசரப்பட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினேன். அத்தை கையைத் தட்டிவிட்டார். "கலக்காதே கண்ணு! மேலாப்புல மொண்டுக்கோ. அடியில உப்பு படுத்துக்கிட்டிருக்கு, எழுப்பிடாதே" என்றார்.

பள்ளிக்கூடமே போகாத என் அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முழுதும் இருக்கிறது.

நம்மில் பலர் நினைப்பது, கடல் தண்ணீர் மணலில் வடிகட்டி வரும்போது உப்பு போய்விடுகிறது என்று. அது இல்லவே இல்லை. மணல் அழுக்கைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. அந்த ஊற்றில் இருப்பது கடல் தண்ணீரே அல்ல, மழைத் தண்ணீர். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை மணல்மேட்டில் விழுந்து, ஓடிப்போகாமல் அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கியது கடல் தண்ணீரின் தலைமேல் மிதந்துகொண்டிருக்கிறது.

தண்ணீர்மேல் தண்ணீர் மிதக்குமா என்று கேட்பீர்கள். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மூன்று தேக்கரண்டி உப்பைக் கரைத்துத் தெளிய விடுங்கள். இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர், அதில் ஒரு சொட்டு மை. ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து உப்புத் தண்ணீரின் மேல்மட்டத்தில் பிடித்துக்கொண்டு, அதன் முதுகில் மைத்தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக வழிய விடுங்கள். நீலம் மேலே, தெளிவு கீழே என்று கோடு போட்டதுபோல் நிற்கும். ஒரு தடவை கலக்கினால் தீர்ந்தது. மணலுக்குள் கலக்க ஆள் கிடையாது, அலை கிடையாது. அதனால் அங்கே அந்தக் கோடு வருஷக்கணக்கில் நிற்கிறது.

உப்புத் தண்ணீர் கனம் அதிகம் என்பதுதான் காரணம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால் கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். (கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது ஆறேழு தேக்கரண்டி!) இந்த 25 கிராம் வித்தியாசம் சின்னதாகத் தோன்றுகிறது இல்லையா? 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதை நெதர்லாந்துக்காரர் கைபன் என்பவர் 1880-களின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுதினார்கள். இன்றைக்கும் அவர்கள் இருவர் பெயரால்தான் இந்தக் கணக்கு வழங்குகிறது.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வயிற்றைக் கலக்கும். மேலே ஒரு அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். உடனே வராது, நாளாகும். ஆனால் வரும்.

எங்கள் மாமா செய்த காரியத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். 1980-களில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீட்டுக் கொல்லையில் ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்தார். "ஆழம் போகப் போக நல்ல தண்ணி" என்று அவர் கணக்கு. தோண்டத் தோண்ட மணற்கேணி ஊறும் என்று வள்ளுவரே சொன்னாரே, என்று அதற்கு ஆதாரம் வேறு! வள்ளுவர் சொன்னது படிப்புக்கு. கடற்கரை மணலுக்கு அது செல்லாது. முதல் வருஷம் தென்னைக்கும் வாழைக்கும் இரவு பகலாக இறைத்தார். அண்ணிகள் எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைத்தார்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான். இரண்டாம் கோடையில் ஒரு நாள் அத்தை அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்: "பருப்பு வேகலைடி!" வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நாக்கு அல்ல, துவரம்பருப்பு. அடுத்தது சோப்பு. நுரைக்காமல் திரிதிரியாகத் திரிந்தது. அதற்கப்புறம்தான் குடிக்கிறபோது கரித்தது. பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெட்டது. அவர்கள் போரே போடவில்லை, பாவம்.

மோர்க்குடுவையில் மேலே தெளிந்து நிற்கிற தெளிவை இறுக்கும்போது என்ன செய்கிறோம்? சாய்த்து, மெல்ல, மேலாக. கரண்டியை அடிவரை விட்டு வேகமாக முகந்தால் கலங்கித்தானே வரும்? ஆழமான போரில் மோட்டார் செய்வது அந்த இரண்டாவது வேலை. குழாய் வாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பி வருகிறது.

இது எங்கள் மாமா ஒருவர் வீட்டோடு நிற்கிற விஷயமில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் விவசாயத்துக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைத்து இறைத்து, 1969-ல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்பு, 1980-களின் முடிவுக்குள் 9 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. நம் பக்கத்திலேயே நெம்மேலியில் 2013-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நடக்கிறது, 2024-ல் இரண்டாவதும் சேர்ந்தது. கடல் தண்ணீரை அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். மழை நமக்குச் சும்மா செய்து கொடுத்த வேலையை, மின்சாரம் செலவழித்து மெஷின் செய்கிறது!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கரையோரக் கிணறுகளில் கடல் மேலேயிருந்தே இறங்கிவிட்டது. உப்பை எடுத்துவிடலாம் என்று எல்லாரும் பம்பு வைத்து இறைத்தார்கள். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் ஆராய்ந்தவர்கள் பார்த்தது என்னவென்றால், அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்பும் சேர்ந்து மேலே ஏறி, கிணறு இன்னும் கெடுகிறது. கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மழைதான். எழுப்பிடாதே என்று என் அத்தை சொன்னது நினைவுக்கு வருகிறதா?

இனி குழந்தை விஷயம். சகோதரி, உங்கள் மாமியார் பாதி சரி. காய்ச்சினால் கிருமி சாகும். மணல் பூமியில் கக்கூஸ் குழியின் கசிவு சுலபமாகக் கிணற்றுக்கு வந்துவிடும் என்பதால், ருசியாக இருக்கிற கிணற்றுத் தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். (குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடியாவது இருக்கட்டும்.) ஆனால் உப்பு சாகாது. ரசம் அடுப்பில் அதிக நேரம் கொதித்துவிட்டால் என்ன ஆகிறது? கரிக்கிறது. ஒரு லிட்டர் உப்புத் தண்ணீரை அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், குழந்தைக்குக் கிடைப்பது இரட்டிப்பு உப்பு. படிகாரம் போட்டாலும், தேத்தான்கொட்டை உரைத்தாலும் கலங்கல்தான் தெளியும், உப்பு அப்படியே இருக்கும். இதை மாமியாரிடம் விவாதமாகச் சொல்லாதீர்கள். ரசக் கதையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். நம்மைவிட அதிக ரசம் வைத்தவர் அவர்.

குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது, அதிக உப்பை வெளியே தள்ள அதற்குச் சிரமம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், கோடையிலும் தண்ணீர் வேண்டாம். அதற்குப் பிறகு கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சாதம் எதுவானாலும் நல்ல தண்ணீரில்தான் செய்ய வேண்டும். ஒரு வயதுவரை உப்பே சேர்க்கத் தேவையில்லை என்கிறபோது, தண்ணீர் வழியாக நாமே சேர்ப்பானேன்? குழந்தைக்கென்று தெருக்குழாய்த் தண்ணீரோ, பஞ்சாயத்து வண்டித் தண்ணீரோ ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். அதைக் காய்ச்சுங்கள். துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க கிணற்றுத் தண்ணீர் இருக்கட்டும்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்கும்போது இது இன்னும் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சர்க்கரை தலைதட்டிய 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டிய அரைத் தேக்கரண்டி என்பது நல்ல தண்ணீருக்குச் சொன்ன அளவு. ஆஸ்பத்திரியில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அப்படித்தான். ஏற்கனவே கரிக்கிற தண்ணீரில் கலந்தால் அளவு மீறிவிடும். கலந்ததும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொடுக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டிலும் கவனம் வேண்டும். வங்கதேசத்தில் கடலோரமாக டாக்கோப் என்ற இடத்தில், குடிநீரே உப்பாக மாறிவிட்ட ஊர்களில், கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு மழைக்காலத்தைவிட வறண்ட காலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருக்கிற தண்ணீரை மூன்று லிட்டர் குடித்தால், ஊறுகாய் தொடாமலே 3 கிராம் உள்ளே போய்விட்டது. செக்கப்புக்குப் போகும்போது "எங்க ஊர்த் தண்ணி கரிக்குதுங்க" என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகம் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தால் அடுத்த செக்கப்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போங்கள்.

எவ்வளவு உப்பு என்று நாக்கு துல்லியமாகச் சொல்லாது, பழகிவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் பார்த்துச் சொல்வார்கள். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடித்துக்கொண்டு போங்கள். கரைந்த உப்புகள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000-வரை என்பது இந்திய தர நிர்ணயம்.

பருப்பு வேகாததற்குக் காரணம் கேட்டு ஏற்கனவே இருவர் எழுதியிருந்தீர்கள், அவர்களுக்கும் இதிலேயே பதில். தண்ணீரில் உள்ள சுண்ணச் சத்தும் மெக்னீசியமும் பருப்பின் தோலோடும் சதையோடும் ஒட்டிக்கொண்டு அதை இளக விடுவதில்லை. சோடா உப்பு போட்டால் வெந்துவிடும், ஆனால் பருப்பில் இருக்கிற பி வைட்டமினில் ஒரு பங்கு போய்விடும். வேகவைக்கிற தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், போதும்.

கிணறு தேறுமா என்று கேட்டீர்களே. தேற வாய்ப்பு உண்டு. மோட்டார் இருந்தால் ஒரேயடியாக ஓடவிடாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைத்து, நடுவில் கிணற்றை ஓயவிடச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல், ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாகப் பூமிக்குள் இறக்குங்கள். 2003-லிருந்து நம் மாநிலத்தில் இது எல்லா வீட்டுக்கும் கட்டாயம், கடலோர வீட்டுக்கு இரட்டைக் கட்டாயம். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் பலன். பூமிக்குக் கீழே வேலி கிடையாது பாருங்கள். எங்கள் மாமா கடைசியில் வாழையை விட்டார், போரை மூடினார், பழைய கிணற்றில் ராட்டினம் போட்டார். மூன்று மழைக்காலம் போனது. நான்காவது தைப் பொங்கலுக்கு அத்தை அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகவைத்தார். வெந்தது.