கூந்தலணி கூறும் செய்தி

அணிகலனின் பெருமை அதன் விலையில் உள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அணி உணர்த்தும் பொருளே அதற்குப் பெருமை தருவதாகும். ஜப்பான் நாட்டு மகளிர் சூடும் 'கன்சாஷி' என்னும் கூந்தலணி இதற்குத் தக்க சான்று.

ஹெயான் காலத்தில் (794-1185) அந்நாட்டு உயர்குடி மகளிர் நீண்ட கூந்தலைத் தாழவிட்டிருந்தனர். எடோ காலத்தில் (1603-1868) கூந்தலை உயர்த்திக் கொண்டையாக முடிக்கும் வழக்கம் பரவியது. கொண்டைகள் பல வகையாகவே, அவற்றிற் செருகும் ஊசிகளும் சீப்புகளும் பல வகையாயின. மெருகிட்ட மரம், வெள்ளி, ஆமையோடு ஆகியவற்றால் அவற்றைச் செய்தனர்.

பட்டுத் துணியால் ஆகும் அணியும் உண்டு. அதனைச் 'சுமாமி' என்பர். கிள்ளுதல் என்பது அச்சொல்லின் பொருள். சிறு சதுரமாக வெட்டிய பட்டை இடுக்கியாற் பற்றி மடித்து, அரிசிப் பசையால் இதழ் இதழாக ஒட்டி மலராக்குவர்.

கியோத்தோ நகரில் ஆடலும் இசையும் பயிலும் இளம்பெண்களை 'மைக்கோ' என்பர். அவர்தம் கூந்தல் மலர் திங்கள்தோறும் மாறும். சனவரியில், பனியிலும் பசுமை குன்றாத பைனும் மூங்கிலும், குளிரிலேயே மலரும் பிளம் பூவும் மங்கலமாக விளங்கும். மார்ச்சில் கடுகினத்து மஞ்சள் மலர், ஏப்ரலில் செர்ரி, அக்டோபரில் சாமந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. முதலாண்டில் பயில்பவள் தொங்கும் பூச்சரம் அணிவாள். பயிற்சி முதிர முதிர அணி அடக்கம் பெறும். ஆகவே, பருவத்தையும் பயிற்சியையும் ஓர் அணியே உரைத்துவிடுகின்றது. பொன்னின் எடை இவ்வாறு பேசுமா?

விலை மிக்க ஆமையோட்டின் கதை வேறு. அவ்வோட்டைத் தருவது அழுங்காமை என்னும் கடலுயிர். அவ்வினம் அருகியமையால், பன்னாட்டு உடன்படிக்கை அதன் வாணிகத்தை விலக்கியது. ஜப்பானும் 1992ஆம் ஆண்டின் இறுதியோடு அவ்வோட்டின் இறக்குமதியை நிறுத்தியது. "மரபுக் கைத்தொழில் நலியுமே!" என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் இயல்பே. ஆயினும், ஓருயிரினம் அழிந்துதான் ஓர் அணி வாழவேண்டும் எனின், அஃது அழகாகாது.

இன்று ஜப்பானியப் பெண்கள் நாள்தோறும் கன்சாஷி அணிவதில்லை. மூன்று, ஏழு ஆகிய வயதுகளிற் சிறுமியர்க்கு நிகழும் விழாவிலும், வயது நிறைவு விழாவிலும், மணவிழாவிலும் சூடுகின்றனர். பட்டுத் துண்டும் பசையும் எளிதிற் கிடைக்கும். பழகிய விரல்கள் எளிதிற் கிடையா. கற்பார் இல்லையேல் அக்கலை மறையும்.

மாணவர்களே! ஓர் அணியைக் காணும்போது, "இதன் விலை யாது?" என்று வினவற்க, "இஃது என்ன சொல்கின்றது?" என்று வினவுக. அவ்வினாவே கலையை அறியும் வாயில்.