கவுன்டர் பையனுக்கு டார்கெட்டா?

பில்லின் சராசரித் தொகையை மாதாமாதம் ஏற்றுவதே மருந்துக்கடையின் முதல் இலக்காக வேண்டும் என்கிறார் ஆலோசக நண்பர். ஜவுளிக்கடைக்குச் சரி. மருந்துக்கடையில் எதை, எத்தனை நாளுக்கு வாங்குவது என்று தீர்மானிப்பவர் சீட்டு எழுதிய டாக்டர். அப்புறம் கவுன்டரில் நிற்கும் பையன் எதைத் தள்ளி டார்கெட்டை எட்டுவான்? சீட்டில் இல்லாத சத்து டானிக்கை. துணிச்சல் கூடினால் செஃபிக்ஸிமை. அது எச்1 அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும்.

விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளுக்குச் சில்லறை லாபம் 16 சதவீதம் என்று 2013 ஆணையே வரையறுத்துவிட்டது. அதன் மேல் தள்ளுபடி போர்டும் மாட்டினால் மிஞ்சுவது சொற்பம். காசு ஒழுகுவது அலமாரியில் காலாவதியாகும் அட்டைகளில்தான். கம்பெனி திரும்ப எடுக்கும் கெடுவுக்குள் அவற்றைப் பிரித்து அனுப்புவது ஓர் இலக்கு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் தவறாமல் வருபவரை “ஸ்டாக் இல்லை” என்று திருப்பி அனுப்பாதிருப்பது இன்னொன்று. பவர்பாயின்ட்டில் இவை எடுபடாது, தெரியும். பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும் கடைகளோ, முதலில் ஆளைக் கடைக்கு வரவழைக்கட்டும்.