கத்தரிக்காயின் குல்லாய்

சமையலறையில் ஒரு கத்தரிக்காயையும் ஒரு கொய்யாப்பழத்தையும் அருகருகே வைத்துச் சற்று நேரம் பார்க்கிறவர்களுக்குத் தாவர சாஸ்திரத்தின் பெரியதொரு ரகசியம் காசு செலவின்றிக் கிட்டிவிடும். கத்தரிக்காயின் காம்புப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும் பச்சைக் குல்லாய், பூவாக இருந்த காலத்துப் புல்லி வட்டமே; அல்லிகள் உதிர்ந்த பின்னும் விட்டுப் பிரிய மனமின்றிக் காயோடு காயாக வளர்ந்து நிற்பது. கொய்யாவிலோ அதே புல்லிகள் காம்புக்கு நேர் எதிர்நுனியில், காய்ந்துபோன கிரீடமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சூலகம் மற்ற உறுப்புகளுக்கு மேலே அமைந்த புஷ்பம் முன்னது. கீழே அமைந்தது பின்னது. பூசணிக்கொடியில் பிஞ்சைக் கீழே தாங்கி நிற்பதே பெண்பூ என்று கண்டுகொள்ளும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்த லக்ஷணம் புதிதன்று.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1735-இல் மகரந்தத்தாள்களையே பிரதானமாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது, தாள் ஐந்து என்ற ஒரே காரணத்தால் கத்தரியும் காப்பியும் ஒரே வகுப்பில் உட்கார நேர்ந்தது. எண்ணிக்கை மட்டும் உறவாகிவிடாது. காப்பிப்பூவின் சூலகம் கீழே, கத்தரிப்பூவின் சூலகம் மேலே என்று பார்த்த மாத்திரத்தில் இரண்டும் வேறு குடும்பம் என்பது விளங்கும். மாறாக, இலையாலும் கிழங்காலும் அந்நியமாகத் தோன்றும் உருளைக்கிழங்கு, ஐந்து மடலாகக் கூடிய அல்லியையும் நடுவே குவிந்த மஞ்சள் மகரந்தப்பைகளையும் காட்டிக் கத்தரிக்குப் பங்காளி என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில், ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடி பூத்துக் குலுங்க, உள்ளே நாங்கள் கரும்பலகைச் செம்பருத்தியைப் பென்சிலால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தோம். தாள்களெல்லாம் ஒன்றாய்க் கூடிக் குழலாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்பதையும், அதே குழல் பூவரசிலும் வெண்டையிலும் பருத்தியிலும் இருப்பதையும் நானாகப் பிய்த்துப் பார்த்து அறிந்தது நாற்பது வயதுக்கு மேல்! இன்றும் மதிப்பெண் படத்துக்குத்தான். அதில் பாதியையாவது, மாணவன் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுவரும் பூவைப் பிரித்து மேசைமேல் வரிசையாக வைப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு? ஒரு குண்டூசியும் பழைய பிளேடும் போதும். கைபேசியில் படம் பிடித்துப் பெயர் கேட்கும் பெரியவர்களும் பூவின் முகத்தை மட்டும் எடுக்காமல், ஒருமுறை திருப்பி அதன் முதுகையும் எடுக்கலாம்.