கிளார்க்கா? ஆமாம், கிளார்க்தான்!

போன மாசம் எங்க பாட்டியோட பாஸ்புக்ல எண்ட்ரி போட கும்பகோணத்துல ஒரு பேங்குக்குப் போயிருந்தேன். வழக்கம்போல மெஷின் ரிப்பேர். சரின்னு வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும். பணம் எடுக்கிற சலானை என்கிட்ட நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா"ன்னாங்க. எழுதிக் குடுத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணுக்கு எங்க அக்கா வயசுதான் இருக்கும். "ஆயா, போன மாசம் மாதிரி அவசரப்படாதீங்க. இங்கேயே எண்ணிப் பார்த்துட்டுப் போங்க"ன்னு சொல்லி, நோட்டை இன்னொரு தடவை எண்ணிக் காட்டிக் குடுத்தாங்க. பின்னாடி கூட்டம் முணுமுணுத்துச்சு. அவங்க கண்டுக்கலை.

வெளியே வந்ததும் கூட வந்த நண்பன்கிட்ட, "மச்சி, நானும் இந்த வேலைக்குத்தான் எழுதப் போறேன்"னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "கிளார்க்கா? அதுக்கா பி.காம். படிச்சே?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

நம்ம கிளாஸ்ல அறுபது பேர்ல பாதிப் பேர் "பேங்க் எக்ஸாம் ப்ரிப்பேர் பண்றேன்"னுதான் சொல்றோம். யாரைக் கேட்டாலும் பி.ஓ.தான் குறிக்கோள். கிளார்க்னு சொன்னா மரியாதைக் குறைவு. என் கருத்து இதுக்கு நேர் எதிர். படிப்பு முடிச்ச கையோட வீட்டுக்குச் சம்பாதிச்சுக் குடுக்க வேண்டிய நிலையில இருக்கிறவங்க முதல்ல தட்ட வேண்டிய கதவு கிளார்க்தான். பி.ஓ.வை உள்ளே போன பிறகு பார்த்துக்கலாம்.

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலை, வீட்டுல பார்த்துச் சொல்றேன்.

எங்க அக்கா என்னைவிட அஞ்சு வயசு பெரியவங்க. கணக்குல கெட்டி. டிகிரி முடிச்சதும் திருச்சியில ரூம் எடுத்துத் தங்கி கோச்சிங் போனாங்க, பி.ஓ.வுக்கு மட்டும். முதல் வருஷம் பிரிலிம்ஸோட நின்னு போச்சு. ரெண்டாவது வருஷம் மெயின்ஸ்ல ஒன்றேகால் மார்க்குல போச்சு. மூணாவது வருஷம் இன்டர்வியூ வரைக்கும் போனாங்க. கடைசி லிஸ்ட்ல பேர் இல்லை. இந்த மூணு வருஷமும் அப்பாவோட மளிகைக் கடை வருமானத்துலதான் ரூம் வாடகை, மெஸ் பில், டெஸ்ட் சீரிஸ் எல்லாம். மூணு வருஷமும் கிளார்க் நோட்டிஃபிகேஷனும் வந்துச்சு. அக்கா ஒரு தடவைகூடப் போடலை.

ஏன் போடலை? ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்ப, "கிளார்க்கும் சேர்த்துப் போட்டு வைக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அப்பா பேசாம இருந்தார். பதினேழு வயசு அறிவாளி நான்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "கிளார்க்கா? பியூன் வேலைக்கும் சேர்த்துப் போடு"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, அக்காவும் சிரிச்சாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

இப்ப ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில நகைக்கடன் கவுண்டர்ல உட்கார்ந்திருக்காங்க. அதுவும் நேர்மையான வேலைதான், குறை சொல்லலை. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கலை.

சரி, சொந்தக் கதை போதும். கணக்குக்கு வருவோம்.

2011ல ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேங்கும் தனித்தனியா ஆள் எடுத்துச்சு. இப்ப ஸ்டேட் பேங்க் தவிர மத்த பொதுத்துறை பேங்குகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தேர்வு. பேங்குகளும் குறைஞ்சு போச்சு. 2017 தொடக்கத்துல 27 இருந்த பொதுத்துறை வங்கிகள், இணைப்புகளுக்குப் பிறகு 2020 ஏப்ரல்ல 12 ஆச்சு. இந்தியன் பேங்க்கும் ஐ.ஓ.பி.யும் மட்டும்தான் சென்னையைத் தலைமையிடமா வெச்சு மிச்சம் இருக்கு.

பிரிலிம்ஸ்னா 100 கேள்வி, 60 நிமிஷம். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிஷம்தான். கணக்குல 35 கேள்வின்னா ஒரு கேள்விக்கு 34 செகண்ட். தப்பாப் போட்டா கால் மார்க் போயிடும். இதுல பேங்க் வேலை பத்தி ஒண்ணுமே இல்லை, வேகம் மட்டும்தான். அந்த வேகம் வர்றதுக்கு ஒருத்தருக்கு ஆறு மாசம் ஆகும், ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா அந்த ரெண்டு வருஷத்துக்கு யார் சோறு போடுறதுங்கிறதுதான் கேள்வி.

இன்னொரு பொறி இருக்கு. ஐ.பி.பி.எஸ். பி.ஓ.வுக்கு 20 வயசுல இருந்து 30 வரைக்கும் எழுதலாம், இத்தனை தடவைதான்னு வரம்பு கிடையாது. கேட்க நல்லா இருக்கும். ஆனா வரம்பு இல்லாததாலேயே "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"ங்கிறதுக்கும் முடிவே இருக்காது. கிளார்க்குக்கு 28 வயசோட கதவு மூடிடும் (ஓ.பி.சி.க்கு 3 வருஷமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷமும் தளர்வு உண்டு). பி.ஓ.வையே பார்த்துக்கிட்டு இருந்தா இந்தக் கதவு மூடினதே தெரியாது.

இப்ப கிளார்க் பக்கம் பாருங்க.

ஒண்ணு, மொழி. பி.ஓ. தேர்வு இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுலதான். கிளார்க் தேர்வும் அப்படித்தான் இருந்துச்சு. 2021 ஜூலையில வந்த அறிவிப்பை நிறுத்தி வெச்சு, அந்த செப்டம்பர்ல மத்திய நிதி அமைச்சகம் 13 மாநில மொழிகள்லயும் நடத்தச் சொன்ன பிறகுதான் தமிழ் வந்துச்சு. இங்கிலீஷ் பகுதி மட்டும் இங்கிலீஷ்லதான் (வேற எப்படி இருக்கும்!). தமிழ் மீடியத்துல படிச்சுட்டு "ரீசனிங் கேள்வி புரியறதுக்கே பாதி நேரம் போயிடுது"ன்னு புலம்பற நம்ம பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ரெண்டு, கிளார்க்குக்கு இன்டர்வியூ கிடையாது. மெயின்ஸ் மார்க்கை வெச்சுத்தான் லிஸ்ட். பி.ஓ.வுல மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20ங்கிற கணக்கு. எங்க அக்கா மாதிரி பேச வராதவங்களுக்கு அந்த 20தான் கண்டம்.

மூணு, ஊர். கிளார்க்குக்கு ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். அந்த மாநில மொழி தெரிஞ்சிருக்கணும்ங்கிறது விதி. 2025 முதல் அறிவிப்புல நாடு முழுக்க பி.ஓ. இடம் 5,208. கிளார்க் இடம் 10,277, அதுல தமிழ்நாட்டுக்கு 894. (அந்த வருஷத்துல இருந்து பேரை 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்'னு மாத்திட்டாங்க. கிளார்க்ங்கிற வார்த்தைதான் உறுத்துதுன்னா இப்படிச் சொல்லிக்குங்க.)

நண்பன் விடலை. "சம்பளம்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. 2024 மார்ச்ல கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி ஆபீசருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய், கிளார்க்குக்கு 24,050 ரூபாய். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதுக்கு மேல. ஆக பாதிதான், மறைக்க ஒண்ணும் இல்லை. ஆனா நீங்க ஒப்பிட வேண்டியது 24,050ஐயும் 48,480ஐயும் இல்லை. 24,050ஐயும், வேலை இல்லாம ரூம்ல உட்கார்ந்திருக்கிற பூஜ்யத்தையும். மூணு வருஷம் பூஜ்யம்னா அது பூஜ்யம்கூட இல்லை, மைனஸ். எங்க அப்பாவோட கடன் நோட்டைப் பார்த்தா தெரியும்.

"கிளார்க்கா போனா காலம் பூரா கிளார்க்தான்"னு அடுத்த அம்பு. அப்படி இல்லை. வேலையில இருந்துக்கிட்டே பேங்கோட அனுமதி வாங்கி பி.ஓ. எழுதலாம். உள்ளேயே பதவி உயர்வுத் தேர்வு இருக்கு. எத்தனை வருஷம் கழிச்சுங்கிறது பேங்குக்கு பேங்க் மாறும். ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. பாஸ் பண்ணினா கூடுதல் இன்கிரிமென்ட் உண்டு. ஜே.ஏ.ஐ.ஐ.பி.யை பேங்க்ல வேலை பார்க்கிறவங்கதான் எழுத முடியும். வெளியே நின்னா அதைத் தொடக்கூட முடியாது. வேலை பார்த்துட்டு ராத்திரி படிக்கிறது கஷ்டம்தான். ஆனா "இந்தத் தடவையும் போச்சுன்னா?"ங்கிற பயம் இல்லாம படிக்கலாம்.

எல்லாருக்கும் இதே அறிவுரையான்னு கேட்டா, இல்லை. வீட்டுல இன்னும் ரெண்டு வருஷம் தாங்குவாங்க, இந்தியாவுல எங்கே போட்டாலும் போவேன், மாக் டெஸ்ட்ல மார்க்கும் நல்லா வருதுன்னா தாராளமா பி.ஓ.வுக்குப் போங்க. ஆனா கிளார்க்கையும் சேர்த்துப் போட்டுடுங்க. பாடம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

எதுக்குப் போனாலும் மூணு விஷயம் மட்டும் கவனம்.

முதலாவது, சிபில். கல்விக் கடனோ, போன் வாங்கின தவணையோ பாக்கி வெச்சா பேங்க் வேலைக்கே அது குறுக்கே நிக்கும். கடன் வரலாறு சரியில்லைன்னு ஒருத்தரோட நியமனத்தை ஸ்டேட் பேங்க் ரத்து பண்ணினது சரிதான்னு சென்னை உயர் நீதிமன்றம் 2025ல தீர்ப்பு சொல்லியிருக்கு.

ரெண்டாவது, "பணம் கட்டுங்க, பேங்க்ல சீட் வாங்கித் தர்றோம்"னு யார் சொன்னாலும் திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க. தனியார் பேங்குகள்ல கோர்ஸ் ஃபீஸ் கட்டி வேலைக்குச் சேர்ற திட்டங்கள் இருக்கு. அது மோசடி இல்லை. ஆனா ஃபீஸுக்குக் கடன் வாங்கினா, முதல் சம்பளத்துல தவணை போக மிச்சம் என்னன்னு கணக்குப் போட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மூணாவது, கோச்சிங் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்க. இலவசம். தமிழக அரசோட நான் முதல்வன் திட்டத்துலயும் பேங்க் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்தியிருக்காங்க.

கடைசியா ஒண்ணு. போன வாரம் அக்காகிட்ட, "கிளார்க் நோட்டிஃபிகேஷன் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போடலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பியூன் வேலைக்கும் சேர்த்துப் போடவாடா?"ன்னாங்க. ஞாபகம் வெச்சிருக்காங்க. மன்னிப்புக் கேட்க வாய் வரலை. "ஃபீஸ் நான் கட்டறேன்க்கா"ன்னு மட்டும் சொன்னேன். ஆளுக்கு 850 ரூபாய். ட்யூஷன் எடுத்த காசு வெச்சிருக்கேன்.

அக்காவுக்கு இப்ப 26 முடியப் போகுது. கணக்கு அவங்க சொல்லித் தருவாங்க, கரன்ட் அஃபேர்ஸ் நான் படிச்சுச் சொல்லணும்னு ஒப்பந்தம். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு, கடையைச் சாத்தின பிறகு, அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்து ஆரம்பிச்சாச்சு.

நண்பா, பி.காம். படிச்சது இதுக்காகத்தான்.