ஊர் சொன்னதை உலகுக்குத் தருவது யார்?

அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரைக்கும் துவரைக்கும், காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இம்மலை மக்கள். அவர்களுடைய அறிவைப் பற்றிய ஒரு கேள்வியை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்தும் மக்களைக் கேட்டு ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். என்ன பயிர், என்ன மூலிகை, எந்த நோய்க்கு எது என்பதெல்லாம் அதில் இடம்பெறும். பெரியவர்கள் கூலி வாங்காமல் சொன்ன செய்திகள் இவை. இவற்றை யாரும் எடுத்துக்கொள்ளும்படி கணினியில் திறந்து வைக்கலாமா?

வைக்கலாம் என்போர் பேச்சில் நியாயம் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டார் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியதால் 1997இல் அது ரத்தானது. எழுத்தில் இல்லாததை எப்படி நிரூபிப்பது?

ஆனால் சான்று காட்டுவதற்கு எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டியதில்லை. 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின் நூலகத்தைப் பல ஆண்டுகள் காப்புரிமை அலுவலகங்கள் மட்டுமே பார்க்க முடிந்தது.

ஆரோக்கியப்பச்சையின் கதையையும் நினைவில் கொள்வோம். 1987இல் அகத்தியமலையில் காணி மக்கள் சிலர் காட்டிய செடி அது. அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. வருமானத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. சொன்னவர் யாரென்று தெரிந்ததால்தான் இந்தப் பங்கு கிடைத்தது. அப்படியிருந்தும், வைத்தியம் அறிந்த காணிப் பெரியவர்கள் சிலர் இதை எதிர்த்தார்கள். இரண்டொருவர் சம்மதம் ஓர் இனத்தின் சம்மதம் ஆகுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

எனவே என் கருத்து இது. பயிர், விதை, சாகுபடி முறை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் தாராளமாக வெளியிடலாம். அதனால் நம் விவசாயிகளுக்கு நன்மையே. மருத்துவ அறிவையும் அரிய செடிகள் வளரும் இடங்களையும் பொறுத்தவரை, முதுவர், இருளர், முதுகர், குறும்பர் ஊர்க்கூட்டங்களே முடிவு செய்யட்டும். எழுதியதை அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்டி, வேண்டாம் என்றால் நீக்க வேண்டும்.

அதற்குள் பெரியவர்கள் மறைந்துவிட்டால் அறிவும் போய்விடுமே என்பார்கள். எழுதி வைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு.

வாசகர்களே, உங்கள் பஞ்சாயத்துப் பதிவேட்டில் என்ன இருக்கிறது, சொன்னவர்களிடம் சம்மதம் கேட்டார்களா என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள்.