ஐகான் பேச வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, "இந்தப் படத்திற்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். மூன்று கோடுகள் தெரிகிறதே, அழுத்தலாமா? மூன்று புள்ளிகளை அழுத்தினால் ஏதாவது அழிந்துவிடுமா? பல் சக்கரம் எதற்கு? இப்படிக் கேட்பவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் இல்லத்தரசிகள். இவர்களுக்கு ஒரு படம் புரியவில்லை என்றால், தவறு படத்தை வரைந்தவரிடம்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒவ்வொரு ஐகானும் ஒரு குட்டிக் கதை. இதற்குள் என்ன இருக்கிறது, இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஓர் எழுத்துகூட இல்லாமல் சொல்லியாக வேண்டும். செய்தியை இப்படிப் படமாகவும் வடிவமாகவும் மாற்றித் தருபவர்களைக் கம்யூனிகேஷன் டிசைனர்கள் என்கிறார்கள். ஆங்கில மெனுக்களை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் வீடுகளில் இவர்களுடைய வேலை சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டரே ஓடும்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பவர் அமெரிக்காவைச் சேர்ந்த சூசன் கேர். 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் திரையில் தெரிந்த ஐகான்களையும் பல எழுத்துருக்களையும் வடிவமைத்தவர் இவர். இவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்லர். கலை படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒரு மியூசியத்திற்காக நிஜ அளவில் காட்டுப்பன்றிச் சிலை ஒன்றை வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது, பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து போன் வந்தது. ஹெர்ட்ஸ்ஃபெல்ட் மெக்கின்டோஷுக்கு சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தவர். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, கட்டங்களை நிரப்பிப் படம் போட்டுப் பார்க்கச் சொன்னார். கேர் போட்டார். 1983இல் ஆப்பிளில் வேலையும் கிடைத்தது.

ஓர் ஐகானுக்கு அவருக்குக் கிடைத்த இடம் குறுக்கே 32 கட்டம், நெடுக்கே 32 கட்டம். மொத்தம் 1,024 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. கலர் கிடையாது, சாம்பல் நிறம்கூடக் கிடையாது. மொசைக் வேலையும் துணியில் ஊசி நூல் வேலையும் செய்து பழகிய கை என்பதால் அவருக்கு இது புதிதாகத் தெரியவில்லை. (புள்ளி வைத்துக் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களிடம் அந்த நோட்டைக் கொடுத்திருந்தால் அவர்களும் அசத்தியிருப்பார்கள்!)

இந்த 1,024 புள்ளிகளில் அவர் சொன்ன கதைகளைப் பாருங்கள். மெக்கின்டோஷை ஆன் செய்ததும், சிரித்த முகத்துடன் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் திரையில் தோன்றும். 'உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, வேலையை ஆரம்பிக்கலாம்' என்பது அதன் பொருள். அந்தக் காலத்தில் டாஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு குறி மட்டும் கறுப்புத் திரையில் மினுக்கிக்கொண்டிருக்கும். என்ன டைப் செய்வது என்று தெரியாதவர் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டே பார்க்காத ஒருவர் பயந்துகொண்டே சுவிட்சைப் போடுகிறார். இயந்திரம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. கேர் அந்த மனிதரை மனதில் வைத்து வரைந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு படத்திற்குள் கலர் நிரப்பும் டூலுக்கு அவர் வரைந்தது பெயிண்ட் வழியும் பக்கெட். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல ஒரு கைக்கடிகாரம். உங்கள் விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமைத் திறந்து பாருங்கள். 40 ஆண்டுகள் கழிந்த பிறகும் கலர் நிரப்பப் பக்கெட்தான் இருக்கிறது. அதற்கு யாரும் விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கேர் உருவாக்கிய கெய்ரோ என்ற பட எழுத்துருவில், நாயா மாடா என்று சொல்ல முடியாத ஒரு பிராணி இருந்தது. பிற்பாடு பிரிண்ட் செய்வதற்கான செட்டிங் விண்டோவில், ஒரு குட்டிப் பேப்பரின் மேல் அதை நிறுத்தி வைத்தார்கள். பேப்பர் நெட்டுவாக்கிலா, படுக்கைவாக்கிலா என்பது அது நிற்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்ற வார்த்தைகளில் குழம்பிப் பேப்பரை வீணாக்குபவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பிராணியை நம் கம்ப்யூட்டரிலும் கொண்டுவந்து நிறுத்தினால் தேவலை.

கேர் வரைந்த எல்லாமே சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் முடங்கிப்போனால் திரி எரியும் வெடிகுண்டு ஒன்று திரையில் வரும். அதை அநேகமாக யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லித்தான் வரையச் சொன்னார்களாம். பலரும் பார்த்தார்கள்! தன் வீட்டு மேஜையில் இருக்கும் இயந்திரம் வெடிக்கப்போகிறது என்று ஒருவர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? அதேபோல் மெக் கீபோர்டில் உள்ள, நான்கு மூலையிலும் சுழி போட்ட சதுரக் குறி. பார்க்க வேண்டிய இடங்களைக் காட்ட ஸ்வீடனில் வைக்கும் பலகைகளில் உள்ள குறி அது. குறிகளின் அகராதி ஒன்றைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தார் கேர். அழகான குறிதான். ஆனால் யாராவது சொல்லித் தராமல் புரியாது. பக்கெட்டை வரைந்துவிடலாம், 'கட்டளை' என்பதை எப்படி வரைவது?

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். சில ஆண்டுகளாக எல்லா சாப்ட்வேர் நிறுவனங்களும் ஐகான்களை மெல்லிசான கோடுகளாக இளைக்க வைத்துக்கொண்டிருக்கின்றன. 2020 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் ஆகியவற்றின் ஐகான்களை மாற்றியது. எல்லாவற்றிலும் அதே நான்கு கலர்கள். பிரவுசரில் நாலைந்து டேப்களைத் திறந்து வைத்திருந்தவர்கள் எது எது என்று தெரியாமல் தடுமாறினார்கள். நிறுவனத்தின் கதையை அந்த ஐகான்கள் நன்றாகச் சொல்லின. எனக்கு வேண்டியது என் கடிதம் எங்கே இருக்கிறது என்ற கதை!

எங்கள் தெருவில் மாவு மில் நடத்தும் ஓர் அக்கா ரசீது போட ஒரு கணக்கு சாப்ட்வேரைப் பயன்படுத்தி வந்தார். ஆங்கிலம் அவ்வளவாக வராது. பிரிண்டர் படம், நோட்டுப் புத்தகப் படம், ரூபாய்க் கட்டுப் படம் என்று அடையாளம் வைத்து வேகமாக வேலை பார்ப்பார். ஒரு நாள் காலை, அப்டேட் ஆகி எல்லாம் மாறிப்போயிருந்தது. படங்கள் கோடுகளாகிவிட்டன, கீழே இருந்த பெயர்களும் போய்விட்டன. "எல்லாம் ஒரே மாதிரி குச்சி குச்சியா இருக்கே தம்பி" என்றார். மூன்று நாள் ரசீதைக் கையால் எழுதினார். எங்கோ ஏசி அறையில் ஒரு டிசைனர் 'சுத்தமாக இருக்கிறது' என்று திருப்திப்பட்டிருப்பார்.

பழைய படங்களும் பொருள் இழக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சேவ் செய்வதற்கு இன்னும் பல புரோகிராம்களில் பிளாப்பி படம்தான் இருக்கிறது. சோனி நிறுவனமே 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இன்றைய பிள்ளைகள் பிளாப்பியைக் கண்ணால் பார்த்ததில்லை. என்றாலும் அதை மாற்றக்கூடாது என்பேன். பல வருடங்களாக மாறாமல் இருந்ததால் அது இப்போது ஓர் எழுத்து மாதிரி ஆகிவிட்டது. 'அ' ஏன் இப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

கேர் பிறகு மைக்ரோசாப்டுக்கும் வேலை செய்தார். 1990இல் விண்டோஸ் 3.0வுடன் வந்த சாலிடேர் விளையாட்டின் சீட்டுகள் அவர் வடிவமைத்தவைதான். அவருடைய கட்ட நோட்டு ஓவியங்களை 2015இல் நியூயார்க் நவீன கலை மியூசியம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அவர் செய்த வேலையை நீங்களும் செய்து பார்க்கலாம். பெயிண்ட் புரோகிராமில் கன்ட்ரோல் + இ கீகளை அழுத்துங்கள். அளவைப் பிக்ஸலுக்கு மாற்றி, அகலம் 32, உயரம் 32 என்று கொடுங்கள். வியூ மெனுவில் கிரிட்லைன்ஸை ஆன் செய்து, நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கறுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'கேஸ் புக்கிங்' என்பதற்கு ஒரு படம் போடுங்கள். போட்டு முடித்ததும், எதுவும் சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டி இது என்ன என்று கேளுங்கள். அவர் தண்ணீர்க் குடம் என்று சொன்னால் இன்னொரு முறை வரையுங்கள்.

உங்கள் வீட்டில் ஐகான் புரியாமல் தவிப்பவர் யாராவது இருந்தால் இன்றைக்கே ஓர் உதவி செய்யலாம். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை ஒருமுறை கிளிக் செய்து, எஃப்2 கீயை அழுத்தி, பெயரைத் தமிழில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். புரோகிராமுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராது. என்ன பெயர் வைப்பது என்பதை மட்டும் அவரிடமே கேட்டு வையுங்கள்.