லினக்ஸ் நின்னா தமிழ் வரியைத் தூக்காதீங்க

கல்லூரி லேபில் 40 கணினிகள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ அழுத்தி லினக்ஸ் போட யாருக்குப் பொறுமை இருக்கு? அதனால் இன்ஸ்டாலர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதிலை ஒரே ஃபைலில் முன்கூட்டியே எழுதிவிடலாம். டெபியனில் இதற்கு ப்ரீசீட் என்று பெயர். ரெட் ஹாட், ஃபெடோரா பக்கம் கிக்ஸ்டார்ட். உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பிலிருந்து ஆட்டோஇன்ஸ்டால்.

வெறும் லினக்ஸ் மட்டும் என்றால் இது பெரும்பாலும் ஒழுங்காக ஓடிவிடும். கூடுதலா நாலு பேக்கேஜ் சேர்க்கும்போதுதான் தகராறு.

காரைக்குடி மாதிரி ஊரை எடுத்துக்கோங்க. அழகப்பா பெயரிலேயே பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று வரிசையாக இருக்கும் ஊர். இங்கே கணினி லேபுக்கு தமிழ்த் துறை மாணவர்களும் வரத்தானே செய்வார்கள்? அவர்களுக்குத் தமிழ் எழுத்துரு வேண்டும், ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெஸ்ஸராக்ட் வேண்டும், லிப்ரே ஆபீஸ் தமிழில் வேண்டும்.

வேடிக்கை இங்கேதான். டெபியனில் எழுத்துரு பேக்கேஜின் பெயர் டி-ஏ-எம்-எல் என்று முடியும். டெஸ்ஸராக்டுக்கு டி-ஏ-எம் மட்டும். லிப்ரே ஆபீஸுக்கு வெறும் டி-ஏ. தமிழ் வசதிகளை மொத்தமாக இழுத்துவரும் ‘டாஸ்க்’ பேக்கேஜில் மட்டும் ‘தமிழ்’ என்று முழுப்பெயர். ஒரே மொழிக்கு நாலு ஸ்பெல்லிங்! காரணம் இல்லாமல் இல்லை: ஐஎஸ்ஓ தரத்தில் தமிழ் மொழிக்கு இரண்டெழுத்துக் குறி ஒன்று, மூன்றெழுத்துக் குறி ஒன்று, தமிழ் எழுத்துமுறைக்குத் தனியாக நாலெழுத்துக் குறி.

இதில் ஒன்றைத் தப்பாக எழுதினால் அதை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. செட்டிநாட்டுக் கல்யாணச் சமையலுக்கு சாமான் லிஸ்ட் கொடுக்கிறோம். கல்பாசி கிடைக்கலன்னா சமையல்காரர் மத்ததை வாங்கிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். டெபியன் இன்ஸ்டாலர் மொத்தச் சாமானையும் கடையிலேயே வைத்துவிட்டு, சிவப்புத் திரையோடு நின்றுவிடும்.

மறுநாள் பிராக்டிகல் என்றால் அவசரத்தில் என்ன நடக்கும்? கடைசியாகச் சேர்த்த வரியைத் தூக்குவார்கள். பெரும்பாலும் அது தமிழ் வரி. 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது, இந்திய மொழி வசதிகளோடே வந்தது. அதில் தமிழ் பின்னால் ஒட்டவைத்த சமாச்சாரம் இல்லை.

வரியைத் தூக்குவதற்கு முன்னால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்துங்க, லாக் ஓடும். கடைசி வரியை விட்டுவிட்டு, முதல் பிழை எங்கே வந்தது என்று மேலே பாருங்க. ஒரே ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் அநேகமாக ஸ்பெல்லிங். எல்லாமே கிடைக்கவில்லை என்றால் நெட்வொர்க் அல்லது மிரர் முகவரி. உபுண்டுவாக இருந்தால் ‘யுனிவர்ஸ்’ பகுதி திறந்திருக்கிறதா என்றும் பார்க்கணும்.

கிக்ஸ்டார்ட்டில் கிடைக்காத பேக்கேஜைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக ‘இக்னோர்மிஸ்ஸிங்’ என்று ஒரு வழி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறுவல் முடிந்த மாதிரி இருக்கும். எழுத்துரு இல்லாத விஷயம் மாணவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

என்னைக் கேட்டால், இன்ஸ்டால் ஃபைலை ஒல்லியாக வைப்பதே மேல். கணினி எழுந்து நிற்கத் தேவையானது மட்டும் அதில் இருக்கட்டும். மற்ற பேக்கேஜ்கள் தனி ஸ்கிரிப்டில், முதல் பூட்டுக்குப் பிறகு, ஒவ்வொன்றாக. எது விழுந்தது என்று பெயரோடு தெரியும், மற்றவை நிற்காது. ப்ரீசீட்டின் லேட் கமாண்டில் போட்டே ஆகணும்னா ‘இன்-டார்கெட்’ சேர்க்க மறக்காதீங்க. இல்லாவிட்டால் கட்டளை புதிய சிஸ்டத்தில் ஓடாமல் இன்ஸ்டாலருக்குள்ளேயே ஓடும்.

40 கணினிக்கும் போடுவதற்கு முன் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பாருங்க. அந்தச் சோதனையைத் தமிழ்த் துறை மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யலாம். எழுத்துரு வந்திருக்கா இல்லையா என்பதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.